உயில் முள்

ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள் இருப்பது மொழிக்கு வளம் என்று கூறுவர். கார் ஓட்டி பூமிநாதனுக்கு அது வளமாக அமையவில்லை.

அவர் இளமையிலேயே காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். வண்டி ஓட்டுவதையும் வண்டியின் உறுப்புகளுக்குரிய பெயர்களையும் அந்தத் துரையிடமே கற்றுக்கொண்டார். காரின் முகப்புப் பலகையில் வட்டமான சிறு கண்ணாடிக்குள் ஒரு முள் இருந்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் போதிய அழுத்தத்தோடு ஓடுகின்றதா என்பதை அம்முள் காட்டும். அதன் கீழே எண்ணெய் என்னும் பொருள்படப் பிரெஞ்சில் ஒரு சொல் எழுதியிருந்தது. அச்சொல் துரையின் வாயிலிருந்து புறப்பட்டுப் பூமிநாதனின் காதில் வந்து இறங்கியபோது 'உயில்' என்று ஆயிற்று. அன்று முதல் எஞ்சினில் ஊற்றுவது அவருக்கு உயில். அந்த முள், உயில் முள்.

நாகப்பட்டினத்து லாரிக்காரர்கள் அதை 'ஆயில்' என்றார்கள். அவர்கள் எல்லைக்கு அப்பால் இங்கிலீஷ்காரனிடம் தொழில் பழகியவர்கள். அவர்களுடைய சொல்லைத் தம் வாயால் சொல்வதைப் பூமிநாதன் கௌரவக் குறைவாகக் கருதினார். 'எண்ணெய்' என்பதோ அடுப்பங்கரைக்கும் விளக்கு மாடத்துக்கும் உரியது. சொத்தே இல்லாத மனிதர் நாள்தோறும் காலையில் எழுந்து உயில் பார்க்கிறார் என்று அவர் குடியிருந்த தலத்தெருவில் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் துரை கப்பலேறினார். அவருடைய கறுப்புக் காரைச் சைகோனிலிருந்து திரும்பியிருந்த வணிகர் கமாலுதீன் வாங்கினார். காரோடு பூமிநாதனும் கைமாறினார். அதில் அவருக்கு வருத்தமில்லை. கமாலுதீன் நல்ல முதலாளி, கேட்டறியும் குணமுடையவர். முதல் வாரத்திலேயே முன்னிருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு கண்ணாடியையும் சுட்டிக்காட்டி, "இது என்னத்துக்குப்பா? இது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பூமிநாதனின் வருத்தமெல்லாம் மகள் அமுதத்தைப் பற்றியது. தாயில்லாப் பெண். சாதகத்தில் சனி சரியில்லை என்று முன்பே இரண்டு இடங்கள் தட்டிப்போயின. இப்போது போலகத்திலிருந்து ஓர் இடம் கூடி வந்தது. பிள்ளை கோவிந்தராசு ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவருடைய தாயார் குஞ்சம்மா ஒரு நிபந்தனை விதித்தார்: சனிக்கிழமையன்று பெண்ணும் பிள்ளையும் திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்ற வேண்டும், ஏற்றிய கையோடு சனி பகவான் சந்நிதியிலேயே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம். இதுவும் தவறிப்போனால், இனி அமுதத்தின் சாதகத்தைக் கைநீட்டி வாங்க அந்த வட்டாரத்தில் ஆள் இராது. இதனைப் பூமிநாதன் நன்கு அறிந்திருந்தார்.

அவரை உறுத்திய இன்னொன்றும் உண்டு. பெண் பார்த்த நாள் முதல் குஞ்சம்மா அவரை "டிரைவரே" என்றுதான் அழைத்துவந்தார். "சம்பந்தி" என்னும் சொல்லை அந்த அம்மையாரின் வாயிலிருந்து ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டுமென்று அவருடைய மனம் ஏங்கியது. அதற்காகவே, வாடகைக்குக் குதிரை வண்டி பேசாமல், முதலாளியிடம் போய் நின்றார்.

"கல்யாணக் காரியம்னு வந்து நிக்கிறே, மாட்டேன்னு சொல்வேனா? எடுத்துக்கிட்டுப் போ, பூமி," என்றார் கமாலுதீன். "ஆனா போன மாதிரியே வண்டி திரும்பி வரணும்."

"வரும் மொதலாளி."

"முள்ளு சாஞ்சிடுச்சுன்னா?"

"அந்த எடத்துலயே எஞ்சினை நிறுத்திடணும். நான் சொல்லிக் குடுத்த பாடத்தை எங்கிட்டயே ஒப்பிக்கச் சொல்றீங்களே!"

கமாலுதீன் வாய்விட்டுச் சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் பூமிநாதன் காரைத் துடைத்து, முகப்பில் ஒரு சாமந்திச் சரத்தைக் கட்டிக்கொண்டு போலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய சாலையிலிருந்து குஞ்சம்மாவின் வீட்டுக்குப் போகும் பாதை வயல்களுக்கிடையே சென்றது. நடுவில் ஒரு மதகு. அதன் கருங்கற்கள் பெயர்ந்து துருத்திக்கொண்டிருந்தன. அந்தக் காரோ வயிறு தாழ்ந்த கார். சாலையிலேயே நிறுத்திவிடலாம் என்று அவர் எண்ணியபோது குஞ்சம்மாவின் தம்பி தியாகராசன் எதிரே வந்தார்.

"அக்கா வாசலுக்கே வரச் சொல்லுது டிரைவரே. எதிர்வூட்டுக்காரங்க நேத்தே வந்து எடம் புடிச்சு நிக்கிறாங்க. அவங்க வயிறு எரியலன்னா அக்காவுக்குத் தூக்கம் வராது."

பூமிநாதன் காரை மதகின்மேல் மெல்ல ஏற்றினார். இறங்கும்போது அடியில் 'டங்' என்று ஓர் ஓசை கேட்டது. வாசலில் நிறுத்தியதும் குனிந்து, எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டியைத் தடவிப் பார்த்தார். விரல் நுனிகள் கறுத்தன. சட்டியின் அடித்திருகு நசுங்கி, அதன் ஓரமாய்ச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. காரைக்கால்வரை தாங்கும், அங்கே ஊற்றி நிரப்பிக்கொண்டால் திருநள்ளாறு போய்த் திரும்பிவிடலாம்.

"உயில் சொட்டுது. போற வழியில உயில் வாங்கிட்டாப் போதும்," என்று தமக்குத்தாமே சற்று உரக்கச் சொல்லிக்கொண்டார்.

பட்டுப்புடவையும் கையில் பித்தளைத் தூக்குமாக அப்போதுதான் நிலைப்படி தாண்டிய குஞ்சம்மா, தாண்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க? நல்ல காரியத்துக்குக் கௌம்புற நேரத்துல உயிலா? இங்க யாரு சாகக் கெடக்குறா?"

"இல்லீங்கம்மா, அது வண்டிக்கு ஊத்துறது... பிரெஞ்சுல..."

"எழுதுறதுன்னு ஆயிடுச்சுன்னா என் பேருக்கும் ஒரு வேலி நெலம் எழுதச் சொல்லுங்க டிரைவரே," என்றார் தியாகராசன்.

குஞ்சம்மா சிரிக்கவில்லை. சகுனம் கெட்டதற்குப் பரிகாரமாக வீட்டுக்குள் திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு புதிதாகப் புறப்பட்டார். அவ்வளவு நேரமும் எதிர்வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, பூமிநாதன் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். இந்த அம்மையாரின் காது கேட்க அந்தச் சொல்லை இனி உச்சரிப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

முன்னிருக்கையில் அவரோடு கோவிந்தராசுவும் தியாகராசனும் அமர்ந்தனர். பின்னிருக்கையில் குஞ்சம்மா, மடியில் தூக்குடன் வீற்றிருந்தார். அதில் முதல் நாளே செக்கிலிருந்து வாங்கிய நல்லெண்ணெய் கழுத்தளவு இருந்தது. திருமலைராயன் பட்டினம் கடக்கும்வரை முள் தன் இடத்தை விட்டு அசையவில்லை. அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒருமுறை தலை தாழ்த்தி நிமிர்ந்தது. ஊருக்குள் திருப்பங்களில் நடுங்கத் தொடங்கியது. பெட்ரோல் பங்கு கண்ணில் பட்டதும் பூமிநாதனுக்கு உயிர் வந்தது. காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"எதுக்கு நிக்கிது?" என்றார் குஞ்சம்மா.

பூமிநாதன் வாயைத் திறந்தார். நாக்கின் நுனிவரை வந்துவிட்ட 'உயில்' என்னும் சொல்லை விழுங்கினார். 'ஆயில்' என்று சொல்ல வாழ்நாள் பெருமை இடந்தரவில்லை. ஆசிரியராகிய மாப்பிள்ளையும் அருகில் இருக்கின்றார். நல்ல தமிழாகவே இருக்கட்டும் என்று துணிந்தார்.

"எஞ்சினுக்குக் கொஞ்சம் எண்ணெய் வாங்கணுங்கம்மா. ஒரு நிமிசம்."

பின்னிருக்கையில் வளையல்கள் குலுங்கின.

"சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் வாங்குறதா?"

"இது அந்த எண்ணெய் இல்லீங்க. சமைக்கிறது இல்ல, தலைக்கு வைக்கிறது இல்ல. இது வந்து..."

"எண்ணெய்னுதானே சொன்னீங்க? எண்ணெயும் இரும்பும் சனி பகவானோடது. அன்னைக்கு வாங்கினா அவரையே வாங்கி வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி. நீங்க இரும்புக்குள்ளயே எண்ணெயை ஊத்தப் போறேங்குறீங்க! உங்க பொண்ணு சாதகத்துக்காகத்தானே நான் இந்த வெயில்ல கௌம்பி வந்திருக்கேன்? நான் பாருங்க, நேத்தே வாங்கி வச்சிட்டேன்."

"அக்கா, நாம உக்காந்திருக்குறதே இரும்புலதான்," என்றார் தியாகராசன்.

"நீ வாய மூடுறா."

பங்கில் வேலை செய்யும் ஜெகபர் சாதிக் இதற்குள் அருகில் வந்து, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ரொம்பச் சொட்டுதே. ஆயில் ஊத்தட்டுமா?"

பூமிநாதன் பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். குஞ்சம்மாவின் கண்கள் அவருடைய பிடரியின்மேல் பதிந்திருந்தன. கோவிந்தராசு சன்னலுக்கு வெளியே எதையோ படித்துக்கொண்டிருப்பவர் போல் இருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் தாம் ஒருவரே.

"வேணாம் தம்பி. வந்து பாத்துக்குறேன்."

"அதுதான் நல்லது, சம்பந்தி," என்றார் குஞ்சம்மா.

எத்தனையோ நாளாய் எதிர்பார்த்திருந்த சொல் இத்தனை எளிதாக வந்து விழுந்தது. பூமிநாதனின் காது மடல்கள் சூடேறின. பெட்ரோல் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். காற்றுப் பிடிக்க வேண்டும் என்றிருக்கலாம். இவையெல்லாம் அன்று மாலைதான் அவருக்குத் தோன்றின. அப்போது அவர் செய்தது, எஞ்சினை உயிர்ப்பித்துச் சாலையில் ஏறியது ஒன்றுதான். முள் பாதி உயரத்துக்கு மேல் எழவில்லை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

தலத்தெருவில் அமுதம் தயாராக நின்றாள். பக்கத்து வீட்டுக் காசியம்மா அவளுக்குப் பூ வைத்து அழைத்து வந்தார்.

"அண்ணே, தாம்பூலம் மாத்திக்கிட்டு வர்றப்ப திருப்பத்துலயே ஹாரன் அடிங்க. நாங்க குலவை போட்டுப் பொண்ண எறக்குறோம்!"

"அடிக்கிறேன்மா, அடிக்கிறேன்!"

கார் நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்ததால் முள் முற்றிலும் படுத்துவிட்டது. தந்தையின் பேச்சில் பாதியை அந்த முள்ளாகவே கேட்டு வளர்ந்தவள் அமுதம். ஏறப் போனவள் குனிந்து முகப்புப் பலகையைப் பார்த்தாள்.

"அப்பா, உயி..."

பூமிநாதன் முறைத்தார். அவள் மீதியை விழுங்கிவிட்டு, "முள்ளு படுத்திருக்குப்பா," என்றாள்.

"என்ன முள்ளு? கால்லயா குத்திடுச்சு?" என்று குஞ்சம்மா அவளுடைய பாதத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. ஏறும்மா, நேரமாகுது."

தெருவின் கடைசி வீடும் கடந்தது. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். வேகம் கூடினால் முள் எழும் என்று பூமிநாதன் மிதித்துப் பார்த்தார். அது எழவில்லை. வேகத்தைக் குறைத்தார். அப்போது எஞ்சினுக்குள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை பிறந்தது. முதலில் தயங்கித் தயங்கித் தட்டிய சுத்தியல், பிறகு ஓயாமல் தட்டியது. எண்ணெய் வற்றிய உருளைகள் இரும்போடு இரும்பாய் உரசும் ஓசை அது. அந்த ஓசையைக் கேட்டபின் ஓர் அடிகூட ஓட்டக் கூடாது என்று இந்த ஊரில் யாருக்காவது தெரியுமானால் அது பூமிநாதனுக்குத்தான் தெரியும்.

ஆனால் தொலைவில், தென்னைகளுக்கு மேலே, திருநள்ளாற்றுக் கோபுரம் தெரிந்துவிட்டது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார், தலையைத் திருப்பாமல். அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "தூக்குல உள்ளதுல பாதி குடுத்தீங்கன்னா, எஞ்சின்ல ஊத்தி எப்படியாவது கொண்டுபோய்ச் சேத்துடுவேன். திரும்பி வந்ததும் வேற ஆட்டிக் குடுத்துடுறேன்."

குஞ்சம்மா புடவைத் தலைப்பால் தூக்கை மூடிக்கொண்டார்.

"சாமிக்குன்னு எடுத்து வச்சதையா? ஒரு சம்பந்தி கேக்குற கேள்வியா இது?"

அதற்குமேல் பூமிநாதன் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தவும் இல்லை. கோபுரத்தின் கலசங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கிய இடத்தில், எஞ்சின் ஒருமுறை வீறிட்டது. உருகிய உலோகம் எஞ்சினின் சுழல்தண்டைக் கவ்விக்கொள்ள, முன் சக்கரங்கள் இறுகி, கார் சாலையைத் தேய்த்துக்கொண்டு வாய்க்காலோரம் போய் நின்றது. காய்ந்த இரும்பின் நெடி எழுந்தது. பிறகு ஓசை என்பதே இல்லை. இரண்டு படி எண்ணெய் பின்னிருக்கையில் பத்திரமாக இருக்க, எண்ணெய் இன்றி அந்த எஞ்சின் செத்தது.

குஞ்சம்மா இறங்கினார். காரைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பகவானே இதுக்கு மேல வராதேன்னு நிறுத்திட்டாரு, டிரைவரே."

பழைய சொல் திரும்பி வந்துவிட்டதைப் பூமிநாதன் கவனித்தார்.

பின்னால் வந்த குதிரை வண்டியைத் தியாகராசன் கை காட்டி மறித்தார். "அம்மா, அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாமே," என்றார் கோவிந்தராசு. அன்று அவர் பேசியது அந்த ஒரு வாக்கியந்தான். "எடம் பத்தாது. பொண்ணு அவங்கப்பா கூட இருக்கட்டும். நாம வெளக்கைப் போட்டுட்டு வந்துடுவோம்," என்றார் தாயார். பிள்ளை தூக்கை வாங்கிக்கொண்டு ஏறினார். பெண்ணோடு சேர்ந்து ஏற்ற வேண்டிய விளக்கை ஏற்ற, பெண்ணை விட்டுவிட்டு அவர்கள் போனார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறிச் சாய்ந்தது. அமுதம் காருக்குள்ளேயே அமர்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ வாடியது. அவள் எடுத்துப் போடவில்லை. பூமிநாதன் சும்மா இருக்க மாட்டாமல் சாவியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகப்பில் கட்டிய சாமந்திச் சரத்தை அவிழ்த்து வாய்க்காலில் எறிந்தார்.

திரும்பி வந்த குதிரை வண்டி அவர்களருகே வேகம் குறைத்தது, நிற்கவில்லை. எல்லார் நெற்றியிலும் திருநீறு. குஞ்சம்மாவின் மடியில் காலித் தூக்கு. அவர் எதிர்ப்புறத்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியாகராசன் மட்டும் தலையை நீட்டினார். இம்முறை அவருடைய குரலில் கேலி இல்லை.

"நல்ல நேரம் தாண்டிடுச்சுங்க. நாங்க சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்பதற்கு என்ன பொருளென்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செய்தி எப்படியோ எட்டி, கமாலுதீன் தம் குதிரை வண்டியில், ஒரு சோடி உழவு மாடுகளோடும் மாட்டுக்காரரோடும் வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் அமுதத்திடம், "தண்ணி குடிச்சியாம்மா?" என்று கேட்டார். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைக்கப் போனார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"உயில் பாக்கலியா, பூமி?"

"பாத்தேன் மொதலாளி."

"எங்க வச்சு?"

"பங்குலயே பாத்தேன். தலத்தெருவுலயும் பாத்தேன்."

"பாத்துட்டுமா ஓட்டினே?"

கமாலுதீன் கம்பியை மெதுவாக அதன் இடத்தில் செருகினார்.

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா, மனுசன்தானேன்னு விட்டிருப்பேன். அந்த முள்ளு என்னத்துக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதானேப்பா." மூடியைச் சாத்தினார். "வூடு வரைக்கும் ஸ்டீரிங் புடிக்க ஆள் வேணும். புடிச்சுக்கிட்டு வா. வந்ததும் சாவிய எம் பொண்ணு ஆஸியாகிட்ட குடுத்துட்டுப் போ. திங்கட்கெழமை வர வேணாம்."

அவர் தம் குதிரை வண்டியில் ஏறி முன்னே சென்றார். மாட்டுக்காரர் கயிற்றைக் காரின் முன்கம்பியில் பிணைத்து, மாடுகளை ஓட்டினார். ஒரு கியரும் விழாத நிலையில் கார் உருண்டது. பூமிநாதன் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். எதிரே உயில் முள் அடியில் கிடந்தது. அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இனி இல்லை. ஆயினும் அவருடைய கண்கள் பழக்கத்தால் அங்கேயே போய்ப் போய் வந்தன.

"நானும் பாத்தேம்பா," என்றாள் அமுதம் பின்னாலிருந்து. "நான் சத்தமாச் சொல்லியிருக்கணும்."

"நீ சொன்னா மட்டும் நிறுத்தியிருப்பேனா?" என்றார் அவர்.

தலத்தெருத் திருப்பத்துக்கு வந்தபோது வழியை அடைத்துக்கொண்டு ஒரு மந்தை ஆடுகள் படுத்துக் கிடந்தன. மாட்டுக்காரர் அதட்டிப் பார்த்தார். ஆடுகள் எழவில்லை.

"ஹாரன் இருந்தா அடிங்க சாமி!"

எஞ்சின் செத்தாலும் ஹாரனுக்கு உயிர் இருந்தது. அது பேட்டரியில் ஒலிப்பது. பூமிநாதனின் கை எழுந்து, பொத்தானுக்கு அருகில் நின்றுவிட்டது.

"அடிங்க சாமி, மாடு மெரளுது!"

"அடிங்கப்பா," என்றாள் அமுதம். "ஆடு நகரணும்ல."

அவர் அடித்தார். ஆடுகள் சிதறி எழுந்தன. திருப்பத்துக்கு அந்தப்புறம் கதவுகள் திறக்கும் ஓசை கேட்டது. யாரோ ஓடி வந்தார்கள். காசியம்மாவின் குலவை முதலில் எழுந்தது. அதன்மேல் இன்னொரு குரல், அதன்மேல் இன்னும் பல குரல்கள்.

மாடுகளின் கொம்புகள் திருப்பத்தைக் கடந்தன. குலவை பாதியிலேயே நின்றது.